எதிராளியின் நாற்காலி

எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் பெயர் வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால், "பேரைப் போடக்கூடாதுங்கிறதுக்கு மூணு காரணம் இருக்கும்மா" என்று சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "போடணும்ங்கிறதுக்கு நாலு காரணம் இருக்கு" என்று ஆரம்பித்திருப்பார்.

அதுதான் அவர். எந்த விஷயமானாலும் எதிராளியின் பக்கத்தைப் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. வக்கீலாக இருந்தார், தேர்தலில் நின்றார், சோப்புக் கம்பெனி வைத்தார். மூன்றிலும் இந்த ஒரே வியாதியால் அடிபட்டார். கடைசியில் என் கல்யாணப் பேச்சும் அந்த வியாதியிடம் போய் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பருத்தி விதைக் கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ். அவருக்கு ஒரு மர நாற்காலி. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி காலியாகக் கிடக்கும். புதிதாக வரும் கட்சிக்காரர்கள் அதில் உட்காரப் போனால், "அதுல உக்காராதீங்க, அது எதிராளி நாற்காலி" என்று நான் எழுப்பிவிட வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

ஒருமுறை பரளச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். பக்கத்துப் புஞ்சைக்காரனின் ஆடுகள் இவருடைய பருத்தியை மேய்ந்துவிட்டன. மனிதர் கொதித்துப் போயிருந்தார். வக்கீல் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது.

"சரிய்யா, இப்ப நான் ஆட்டுக்காரன். சொல்லுங்க, வேலி போட்டிருந்தீகளா?"

"வேலியா? கருவேல முள்ளு வெட்டி வச்சிருந்தேன். காத்துல பறந்துருச்சு."

"காத்துல பறந்தது ஆட்டுக்கு எப்படித் தெரியும்? பச்சையா இருந்தா வாய் வைக்கும். பட்டா நம்பரு படிச்சுப் பாத்துட்டா மேய முடியும்?"

"ஏங்க, நீங்க எனக்கு வக்கீலா, ஆட்டுக்கு வக்கீலா?"

"ஆடு இங்க இல்லையேய்யா. இல்லாதவுகளுக்கு யாரு பேசுறது?"

சம்சாரி என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். பிறகு அவர், "வாயில்லாச் சீவன்தான், என்ன செய்ய" என்று முனகிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். வழக்கு அதோடு முடிந்தது. வக்கீலுக்கு வந்த வழக்குகளில் பாதி இப்படி மாடிப்படியிலேயே முடிந்துவிடும். ஊரில் சண்டை குறைந்தது, எங்கள் ஆபீஸில் டீயும் குறைந்தது.

கோர்ட்டில் பிரம்பு நாற்காலி கிடையாது. அதனால் அங்கே நிலைமை சரியாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு. அங்கே அவர் நின்றுகொண்டே மாறிவிடுவார். எங்கள் அப்பாவே அதற்குச் சாட்சி. அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். வீட்டுக்காரரின் வக்கீல் நம்மவர்தான். எங்கள் தரப்பு வக்கீல் ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்ததும் இவர் எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, எதிர்த்தரப்பு வக்கீல் முக்கியமான ஒரு பாயிண்டை விட்டுட்டாரு" என்று தொடங்கி, இத்தனை காலம் ஊருக்கே மருந்து கலக்கிக் கொடுத்த மனிதர் வயசான காலத்தில் எங்கே போவார் என்று கேட்டாராம். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். வீட்டுக்காரர் வராந்தாவில் போய்ச் சாய்ந்துவிட்டார். அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்ததும் வக்கீல்தான். வீடு எங்களுக்கு நிலைத்தது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி வக்கீல் வாக்குத்தான். அந்த மரியாதையில்தான் என்னை அவரிடம் வேலைக்கு அனுப்பினார். "எதிராளிக்கும் நியாயம் பேசுற மனுசன். அவுக ஒண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு என் தலையில் விழுந்தது இதுதான்.

அவருடைய மனைவியை நாங்கள் வக்கீலம்மா என்போம். கட்டை குட்டையாக, கண்டாங்கிச் சேலையில், எப்போதும் வெற்றிலை மணக்க இருப்பார். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, கல்யாணமான நாளிலிருந்து உருப்படியாக ஒரு சண்டை போட முடியவில்லை என்பது.

"எஸ்தரு, நீயே சொல்லு. வீட்டுக்கு வந்தவுகளுக்கு முன்னால குழம்புல உப்பில்லைன்னு சொல்லிட்டாக. எனக்குக் கோவம் வருமா வராதா? நான் வாயைத் தொறக்கதுக்குள்ள அவுகளே எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'பாவம், காலையில இருந்து அடுப்புல வேகுறா, இந்த மனுசனுக்கு நாக்குல கொழுப்பு'ன்னு என் நியாயத்தைப் பேச ஆரம்பிச்சுட்டாக. அப்ப நான் என்ன பேசுறது? 'இல்லைங்க, உப்பு கொஞ்சம் கம்மிதான்'னு நான் அவுக பக்கம் பேச வேண்டியதாப் போச்சு. இப்படியே எத்தனை வருசம்!"

வக்கீல் நாற்காலி மாறினால், காலியாகும் நாற்காலியில் வக்கீலம்மா உட்கார்ந்தாக வேண்டும். அந்த வீட்டில் அதுதான் குடும்பம் நடத்தும் முறை. இதனால் வக்கீலம்மாவுக்கு ஒரு பழக்கம் கை வந்திருந்தது. அது என்ன பழக்கம் என்று அப்போது எங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கே தெரியாது.

இதற்கிடையில் ஒன்றியத் தேர்தல் வந்தது. "இவ்வளவு நேர்மையான ஆளு நின்னா ஊருக்கு நல்லது" என்று நாலு பேர் உசுப்பிவிட்டார்கள். சுயேச்சையாக நின்றார். கைப்பம்புச் சின்னம் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் கைப்பம்பை அடித்தால் காற்றுத்தான் வரும். திருச்சுழி பஜாரில் முதல் கூட்டம். கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏலே, இந்தப் பம்புல தண்ணி வருமாலே?" என்று பக்கத்து ஆளிடம் சத்தமாகக் கேட்டான்.

வேறு வேட்பாளராக இருந்தால் ஏதாவது பதிலடி கொடுத்திருப்பார். இவர் மைக்கைப் பிடித்து, "தம்பி கேக்குறது நியாயம். வராது. நான் ஜெயிச்சாலும் உடனே வராது. நிலத்தடியில தண்ணி இல்லை. இந்த விஷயத்துல எதிர் வேட்பாளர் என்ன சொல்றாகன்னா..." என்று ஆரம்பித்தார். மேடையில் பிரம்பு நாற்காலி ஒன்றைப் போட வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். எவனோ போட்டுவிட்டான். அதில் உட்கார்ந்துகொண்டு எதிர் வேட்பாளரின் திட்டங்களை அந்த வேட்பாளருக்கே புரியாத அளவுக்கு அழகாக விளக்கினார். கைதட்டல் அடங்கவில்லை. அதை டேப்பில் பிடித்து எதிர்க் கோஷ்டியினர் ஊர் ஊராக ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அதோடு விட்டார்களா? எதிர் வேட்பாளரே மாலையோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, எங்க கடைசிக் கூட்டத்துக்கும் வந்து ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். இவரும் போனார். எதிராளியின் மேடையில் ஏறினால் இவருக்கு எதிராளி யார்? இவரேதான். அங்கே நின்றுகொண்டு தன் பக்கத்து நியாயத்தை அப்படிப் பேசினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காகப் பேசினார் என்று நினைக்கிறேன். அவர் வாங்கிய ஓட்டெல்லாம் அந்தக் கூட்டத்தில் விழுந்த ஓட்டுத்தான். டெபாசிட் தப்பவில்லை.

தோற்ற கையோடு சோப்புக் கம்பெனி ஆரம்பித்தார். "வியாபாரத்துல எதிராளி கிடையாதும்மா. வாங்குறவன், விக்கிறவன், அவ்வளவுதான்" என்றார். திருச்சுழி போகிற ரோட்டில் தகரக் கொட்டகை. பெரிய வாணலியில் எண்ணெய் காய்ச்சி, கட்டியாக்கி, கம்பியால் அறுத்து, நீலக் காகிதத்தில் சுற்றுவார்கள். துணி துவைக்கிற சோப்பு. நான் ஆபீஸை விட்டு அங்கே போய்க் கடிதம் அடித்தேன். சோப்பு மோசமில்லை. ஆனால் எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. என்ன தேய்த்தாலும் நுரை வராது. எல்லா சோப்புக்கும் அதே கதிதான், யாரும் வெளியே சொல்வதில்லை. இவர் காகிதத்திலேயே அச்சடித்துவிட்டார், 'உப்புத் தண்ணீரில் நுரை குறைவாக வரும்' என்று.

வக்கீலம்மா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளைக்குக் காது கேக்காதுன்னு எவனாவது அச்சடிப்பானா?"

"பொண்ணு வீட்டுக்காரவுக பக்கம் நின்னு யோசிச்சுப் பாரு. அச்சடிக்கணும்தானே?" என்றார் வக்கீல்.

இந்த சோப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர்தான் சூசை. காரியாபட்டி வரைக்கும் மிதிப்பார். வெயிலில் கறுத்து, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒருநாள் வக்கீல் தானும் கூட வருவேன் என்று கிளம்பிவிட்டார். பரளச்சிக் குழாயடியில் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, டவுனில் கிடைக்கும் வேறு சோப்பு எந்தெந்த வகையில் மேல் என்று விளக்கினார். சூசை சைக்கிள் செயினை மாட்டுவது போலக் குனிந்துகொண்டாராம். பிறகு நிமிர்ந்து, "ஆத்தா, மொதலாளியே இவ்வளவு உண்மை பேசுறாருன்னா, சோப்புல கலப்படம் இருக்குமா?" என்று ஒரே போடு போட்டார். அன்றைக்கு ஒரு கட்டி மிஞ்சவில்லை. திரும்பி வந்து சூசை இதைச் சொல்லிச் சிரித்தபோதுதான் எனக்கு அவர் மேல் மனது போனது. ஒளிப்பானேன்? அவருக்கும் அப்படித்தான், கல்யாணம் வரைக்கும் பேசிவிட்டோம்.

சிக்கல் இரண்டு. நாங்கள் புராட்டஸ்டண்டு, சூசை வீட்டார் ஆர்.சி., கத்தோலிக்கர்கள். அதையாவது அப்பா பொறுத்துக்கொள்ளக் கூடும். சோப்பு விற்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கம்பவுண்டராக இருந்தவருக்கு சோப்பைப் பற்றி அபிப்பிராயங்கள் உண்டு. "நுரை வராத சோப்பை விக்கிறவனுக்குப் பொண்ணா? வக்கீலய்யா வந்து சொல்லட்டும். அவுக சொன்னா கட்டி வைக்கேன். வேண்டாம்னா வேண்டாம். அத்தோட பேச்சு முடிஞ்சது" என்றுவிட்டார்.

உலகத்தில் வேறு யார் வந்து பேசினாலும் பிழைத்திருப்பேன். வக்கீலிடம் போய், "சார், ஒரே ஒரு தடவை எங்க பக்கம் மட்டும் பேசுங்க" என்று அழாத குறையாகக் கேட்டேன். "கண்டிப்பாம்மா. சூசை தங்கமான பையன். இதுல பேச வேற என்ன இருக்கு?" என்றார். ஆனால் கண், கொட்டகைக்கும் கூடவே வந்துவிட்ட பிரம்பு நாற்காலிக்குப் போயிற்று.

வக்கீலம்மாதான் யோசனை சொன்னார். "நாற்காலி இருந்தாத்தானே மாறுவாக? வீட்டுல ஒண்ணே ஒண்ணை வச்சுட்டு மிச்சத்தை எல்லாம் ஒளிச்சு வையி. நானும் கூட வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டிலிருந்த நாற்காலி, ஸ்டூல், முக்காலி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒற்றை நாற்காலி. சூசை நிலைப்படியோரம் நின்றார். வக்கீல் வந்து உட்கார்ந்தார். ஆரம்பம் அற்புதம். பையனின் உழைப்பு, ஒழுக்கம், பீடி கூடக் குடிக்காத குணம் என்று அடுக்கினார். அப்பாவின் முகம் இளகியது. நான் கர்த்தரைத் துதித்தேன்.

அப்போது வக்கீல் பேச்சை நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு நாற்காலி எதுவும் இல்லை. கொஞ்சம் நெளிந்தார். துண்டை உதறினார். எழுந்தார். நேரே போய் அப்பாவுக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

"இப்ப நான் பொண்ணைப் பெத்தவன்" என்றார். "மாப்பிள்ளைக்கு வேலை எங்க? சோப்புக் கம்பெனி. அந்தக் கம்பெனி எத்தனை நாளைக்கு ஓடும்னு அதோட மொதலாளிக்கே தெரியாது. நான் விசாரிச்சேன்."

"அதானே!" என்றார் அப்பா.

"நாளைக்குப் பிள்ளை பொறந்தா எந்தக் கோயில்ல ஞானஸ்நானம்? ரெண்டு வீட்டுலயும் சண்டை வருமா வராதா?"

"வரும்யா, வரும்!"

"சைக்கிள்ல அலையிறவன். வெயில்ல விழுந்து கிடந்தா யாரு பாக்குறது?"

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சூசை செருப்பைத் தேடினார். அந்த நேரத்தில் நடுவில் காலியாக இருந்த நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வக்கீலம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தால் உட்காருவது அவருக்கு இத்தனை வருடப் பழக்கம்.

"சரி, இப்ப நான் மாப்பிள்ளைப் பக்கம்" என்றார். குரல் கோர்ட்டில் கேட்பது மாதிரி இருந்தது. "கம்பவுண்டரய்யா, இந்தப் பக்கத்துத் தண்ணி உப்பா இல்லையா?"

"உப்புத்தான்."

"அதுல எந்த சோப்பாவது நுரைக்குமா?"

"நுரைக்காது."

"நுரைக்காதுன்னு காகிதத்துலயே போட்டிருக்கு. போதாக்குறைக்கு இந்தா உக்காந்திருக்காகளே, இந்த மொதலாளி, குழாயடியில நின்னுக்கிட்டு வேற சோப்பை வாங்குங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்காக. அப்படியும் அந்த சோப்பை இந்தப் பையன் வித்துட்டு வாரான். கம்பெனி மூடுனா என்னங்கய்யா? இந்த சோப்பை, இந்தத் தண்ணியில, இந்த மொதலாளியை வச்சுக்கிட்டு வித்தவன், உலகத்துல எதைத்தான் விக்க மாட்டான்? உங்க பொண்ணு பட்டினி கிடப்பாளா?"

அப்பா வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கயிற்றுக் கட்டில் ஆடியது, கூட வக்கீலும் ஆடினார்.

"இருந்தாலும் ஞானஸ்நானம்..." என்று வக்கீல் விரலைத் தூக்கினார்.

"பிள்ளை பொறக்கட்டும், அதுகிட்டயே கேட்டுக்கிடலாம். நீங்க பேசாம இருங்க!" என்று வக்கீலம்மா ஒரு அதட்டு அதட்டினார். எவ்வளவு காலத்துச் சண்டை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா சரி என்றுவிட்டார். எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வக்கீல் அப்பாவின் காதருகே போய், "அவ வாதத்தை நல்லாத்தான் முடிச்சுட்டா. ஆனா எனக்கு இன்னும் ரெண்டு பாயிண்டு பாக்கி இருக்கு, சமயம் வரும்போது சொல்றேன்" என்றது என் காதிலும் விழுந்தது.

வருத்தமான சேதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைக்க மனமில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னது சரியாகப் போயிற்று, தொண்ணூறுகளில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வக்கீலம்மா சொன்னதும் சரியாகப் போயிற்று, சூசை பிளாஸ்டிக் குடம் விற்றார், பிறகு பம்பு செட்டு விற்றார், நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. வக்கீல் போனபோது அவரைத் தேர்தலில் தோற்கடித்தவர் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்கள் பழைய வீட்டுக்காரரும் வந்திருந்தார். எனக்கு வக்கீல் மேல் கோபப்பட எவ்வளவோ காரணம் உண்டு. அவரைப் போல ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்தன்று நடந்ததை. எங்கள் முறையில், தாலி கட்டுவதற்கு முன்னால் போதகர் சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். இவர்கள் இருவரும் இணையக்கூடாது என்பதற்கு யாருக்காவது நியாயமான தடை தெரிந்திருந்தால் இப்போதே சொல்லலாம், இல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லக்கூடாது என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வதற்காகக் கேட்பதில்லை அது. ஒரு இருமல் சத்தம் வரும், எங்கேயாவது குழந்தை சிணுங்கும், போதகர் பக்கத்தைத் திருப்புவார்.

இந்தக் கேள்வியைப் பற்றி முதல் நாளே நினைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போதகர் கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மட்டுமல்ல. அப்பாவின் தலை திரும்பியது. கம்பெனியில் சோப்பு அறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். பார்த்துக்கொண்டிருக்கையில் கோயில் முழுக்க மூன்றாவது பெஞ்சைப் பார்த்தது. வக்கீலம்மா அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் துண்டை உதறினார். எழுந்து நின்றார்.

போதகர் புத்தகத்தை மூடாமல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவருக்கு வக்கீலைப் பற்றித் தெரியாது, மதுரையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"ஐயா ஏதாவது தடை சொல்றீகளா?"

"தடைக்காரவுக பக்கம் யாரும் இல்லை போலருக்கு. அதான் எந்திரிச்சேன்" என்றார் வக்கீல். தொண்டையைச் செருமினார். "ரெண்டு பாயிண்டு வச்சிருந்தேன். நேத்துல இருந்து அந்தப் பக்கம் நின்னு நின்னு யோசிச்சுப் பாத்துட்டேன். ரெண்டும் நிக்கல. வேற ஏதாவது இருக்கான்னும் தேடிப் பாத்தேன்."

சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்பது மாதிரி. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஒண்ணும் கிடைக்கலைங்க."

கேஸ் தோற்றவர் மாதிரி மெதுவாக உட்கார்ந்தார். வக்கீலம்மா மணிக்கட்டை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று எத்தனையோ பேர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்கள், சங்கீதம் பாடினார்கள், வாழ்த்துப் படித்தார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, இன்றைக்கும் போதுமாக இருக்கிறது. ஆட்டுக்குக் கிடைத்த நியாயம், வீட்டைக் காலி செய்யாத கம்பவுண்டருக்குக் கிடைத்த நியாயம், அவரைத் தோற்கடித்தவருக்குக் கிடைத்த நியாயம், எங்களைப் பிரிக்க நினைப்பவருக்கு மட்டும் அவரிடம் கிடைக்கவில்லை.

போதகர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த வரியைப் படித்தார்.